முகம் பதிந்த நாள்

"எல்லார் முகமும் தெரியுது, உன் முகம் மட்டும் மெஷினுக்குத் தெரியலையா?" எரிந்து விழுந்தாள் மேனேஜர். முகம் பார்த்து வருகை பதியும் கருவியை அந்தத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தவளே அவள்தான். அதைப் பற்றி ஒரு குறை சொன்னாலும் பொறுக்க மாட்டாள்.

"நேரத்துக்குத்தான் வரேன் மேடம். எவ்வளவு நின்னாலும் கதவு திறக்க மாட்டேங்குது," என்றாள் பேக்கிங் பெண்.

"கொஞ்சம் பவுடர் போட்டுட்டு வாம்மா," என்று சிரித்தார் வாட்ச்மேன்.

"புதுசுன்னாலே உங்களுக்கெல்லாம் வேப்பங்காயாக் கசக்கும். இன்னிக்கும் ஆப்சென்ட்தான். இப்படியே போனா வேலையை விட்டு நிக்க வேண்டியதுதான்," என்றாள் மேனேஜர்.

"மெஷினுக்குள்ள இருக்கிற என் போட்டோவை ஒரு தடவை பாருங்க மேடம்."

மேனேஜர் வேண்டாவெறுப்பாகத் திரையில் அதைத் திறந்தாள்.

வீங்கி மூடிய கண். கிழிந்த உதடு. கன்னத்தில் விரல் தடம்.

கருவி வந்த அன்று அந்தப் படத்தை எடுத்தவள் மேனேஜர்தான். 'நிமிர்ந்து பாரு, அடுத்தவங்க காத்திருக்காங்க' என்று அதட்டியது நினைவுக்கு வந்தது. வேறு எதுவும் அன்று அவள் கேட்கவில்லை.

"அந்த வீட்டை விட்டு வந்துட்டேன் மேடம். வீக்கமெல்லாம் வடிஞ்சிடுச்சு. அதான் மெஷினுக்கு அடையாளம் தெரியல போல. புதுசா ஒண்ணு எடுத்துக்கறீங்களா?"

கேமராவைக் கையில் எடுத்த மேனேஜரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.