கடைசி இலக்கம்

“ஐம்பத்தாறு, ஜூலை பதினொண்ணு?”

“மூணு அங்குலம் பதினேழு சென்ட்,” என்றார் குற்றாலிங்கம், யோசிக்காமல். “அன்னைக்குப் பாலத்து மேல தண்ணி போச்சு, தம்பி. போலீஸ்காரங்க ஒருத்தரையும் அருவிக்கிட்ட விடல.”

சங்கரநாராயணன் மடியிலிருந்த நீளமான தாளைப் பார்த்தார். மிஷின் அச்சடித்திருந்ததும் அதேதான்: 3.17. கேட்டதில் இது ஆறாவது தேதி. பெரியவர் ஒன்றில்கூடத் தப்பவில்லை.

குற்றாலத்தில் மழை அளக்கிறவர் என்று சர்க்கார் ஏட்டில் இருந்த பெயர் குற்றாலிங்கத்துடையது. வீட்டுத் தோட்டத்தில் மழைமானி. தினமும் காலை எட்டரைக்கு அதில் சேர்ந்த தண்ணீரைக் குவளையில் ஊற்றி அளந்து எழுத வேண்டும். மாதம் முடிந்ததும் தபாலில் அனுப்ப வேண்டும். முப்பத்து மூன்றில் தொடங்கியது, இந்த அறுபத்தாறு வரை நிற்கவில்லை.

சங்கரநாராயணனுக்குச் சொந்த ஊர் பக்கத்துத் தென்காசி. பள்ளிக்கூட நாட்களில், சாரல் விழுந்த சேதி வந்தாலே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு மூன்று மைல் நடந்துவந்து குளித்தவர். இப்போது பம்பாயில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் வேலை. காலையில் ரயிலை விட்டு இறங்கிக் குதிரை வண்டியில் வந்தபோது, மேலகரம் தாண்டியதும் சாரல் முகத்தில் பட்டது. பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு. வண்டிக்காரர் படுதாவை இறக்கப் போனார். வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார் சங்கரநாராயணன்.

ஆனால் வந்த காரியம் இனிப்பானதல்ல. பெரியவர் எழுதிய கணக்கில் முதல் இருபது வருஷத்தைத் தள்ளிவிடுவது என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது. கடிதத்தில் எழுதினால் மனிதர் உடைந்துபோவார், நேரில் போய்ப் பக்குவமாகச் சொல்கிறேன் என்று சங்கரநாராயணனே கேட்டு வாங்கிக்கொண்டு வந்த பொறுப்பு இது.

பெரியவரின் மகள் காப்பி கொண்டுவந்தாள். அப்பாவின் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டு, விருந்தாளிக்கும் வைத்துவிட்டு, கதவோரம் போய் நின்றுகொண்டாள்.

முப்பத்து மூன்று வருஷக் கணக்கை மிஷின் எப்படிப் படிக்கிறது என்று குற்றாலிங்கம் கேட்டார்.

முதலில் தான் பட்ட பாட்டைச் சொன்னார் சங்கரநாராயணன். ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனியாகப் புரோகிராம் எழுதி, துளையிட்ட அட்டைகள் ஒரு பெட்டி நிறைந்துபோயின. அப்படியும் பிப்ரவரியில் முப்பத்தோரு நாள் தேடி மிஷின் தடுமாறியது. பிறகுதான் புத்தி வந்தது. வருஷம், அதற்குள் மாதம், அதற்குள் நாள். மூன்று சுற்று, ஒன்றுக்குள் ஒன்று. அந்தந்த மாதத்துக்கு எத்தனை நாள் என்று மட்டும் சொல்லிவிட்டால் போதும். நாள் முடிந்தால் மாதம் ஒன்று நகரும், நாள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். பன்னிரண்டு மாதமும் ஓடினால்தான் வருஷம் நகரும்.

“கடியாரத்து முள்ளு மாதிரின்னு சொல்லுங்க,” என்றார் பெரியவர். “பெரிய முள்ளு ஒரு சுத்து சுத்தினாத்தான் சின்னது ஒரு எட்டு வைக்கும்.”

“அதேதான், அண்ணாச்சி. ஆனா இங்கன ஒரு வசதி. எதை உள்ள ஓட விடணும், எதை வெளிய நிறுத்தணும்ங்கது நம்ம இஷ்டம். நான் ஒரு நாள் மாத்திப் போட்டேன். தேதியை வெளிய நிறுத்திட்டு வருஷத்தை உள்ள ஓட விட்டேன். ஜூலை பதினொண்ணுன்னா, முப்பத்து மூணு வருஷத்து ஜூலை பதினொண்ணும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வந்து நின்னுது.”

“நின்னு?”

சங்கரநாராயணன் காப்பியைக் கீழே வைத்தார். இனி சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதல் இருபது வருஷத்தில் எந்த எண்ணை எடுத்தாலும் கடைசி இலக்கம் பூச்சியம் அல்லது ஐந்து. மழை அப்படிக் கணக்குப் பார்த்துப் பெய்யாது. அளந்தவர்தான் பக்கத்து எண்ணுக்குத் தள்ளி எழுதியிருக்கிறார். அதனால் அந்த வருஷங்களை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தலையைக் குனிந்தபடியே சொல்லி முடித்தார்.

ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“வாஸ்தவந்தான், தம்பி,” என்றார் பெரியவர். “அஞ்சுக்கும் பத்துக்கும் நடுவுல இருக்கதை யாரு வந்து பாக்கப் போறான்னு நினைச்சேன்.”

சங்கரநாராயணனுக்கு மனசு கேட்கவில்லை. அவசரமாக மீதியையும் சொன்னார். ஐம்பத்து மூன்று ஜூனிலிருந்து எல்லாமே மாறிவிட்டது. மூன்று, ஏழு, ஒன்பது என்று எல்லா இலக்கமும் வருகிறது. ஒரு தீபாவளி, ஒரு திருவிழா விடுபடவில்லை. நாடு முழுக்க எண்பது ஊர்க் கணக்கு வந்ததில் இவ்வளவு சுத்தமானது வேறு இல்லை. இந்தப் பதின்மூன்று வருஷத்தை வைத்துத்தான் மற்ற ஊர்க் கணக்கையே சரிபார்க்கப் போகிறார்கள். மாதாமாதம் வந்ததை ஆபீசில் யாரோ நகல் எடுத்து அனுப்பியதால் மூலத் தாளைத் தான் பார்த்ததில்லை, இப்படி அளந்த கையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்றும் ஆசையாக இருந்தது என்றார்.

“அந்த ஜூன்ல அப்படி என்ன மாத்தினீங்க, அண்ணாச்சி? புதுக் குவளை வாங்கினீங்களா?”

குற்றாலிங்கம் டம்ளரைக் கீழே வைக்கத் தரையைக் கையால் தடவினார். கதவோரம் நின்றவள் ஓடிவந்து வாங்கிக்கொண்டாள்.

“அந்த ஜூன்லதான், தம்பி, எனக்கு ரெண்டு கண்ணும் அவிஞ்சுபோச்சு,” என்றவர், மகளின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். “ஏட்டி உலகம்மை, இங்கன வா. பம்பாயிலேருந்து உன்னையப் பாக்கத்தான் வந்திருக்காக.”