இன்னும் ஒரு இடம்

"போன வாரமும் இதையேதான சொன்னீங்க, மேஸ்திரி?"

"போன வாரம் சொன்னது வலது பக்கம் சார். இது இடது பக்கம்."

"அதுக்கு முந்தின வாரம்?"

"அது பின்பக்கம். துரு என்ன நம்மளைக் கேட்டுக்கிட்டா வருது? இன்னும் ஒரு இடம் இருக்கு, அவ்வளவுதான்."

லாரிக்கு அடியில் அட்டை விரித்து மல்லாந்து கிடந்த வெல்டர், கேட்டவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தவர் லாரிக்குச் சொந்தக்காரர். நாற்பது வருடம் பள்ளிக்கூடங்களிலும் அரங்குகளிலும் பியானோவுக்குச் சுருதி சேர்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். பாடுகிற கம்பியை ஒரு விரல் தொட்டாலே ஊமையாகிவிடும் என்று தெரிந்த காது. குள்ளமான மனிதர். நின்றால் வெல்டரின் தோளுக்கு வருவார்.

பழைய லாரி ஒன்றை வாங்கி, அதன் முதுகில் மர அறை கட்டி, மலையைத் தாண்டி, பாதை கடலில் போய் முடியும் இடம்வரை ஓட்டிப்போவது அவருடைய கனவு. வாங்கியது மீன் ஏற்றிய லாரி. உப்புத் தண்ணீர் வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸைத் தின்றிருந்தது. முதல் நாள் வெல்டர் ஒரு குறுக்குச் சட்டத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்தியபோது, ரஸ்க்கில் குத்தியதுபோல் உள்ளே போனது. அந்தச் சட்டத்தை வெட்டி எறிந்து, புது இரும்பு வைத்து, துரு பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு அடித்து முடிக்க ஒரு மாதம் ஆயிற்று.

அதன் பிறகுதான் இந்த வியாழக்கிழமைச் சோதனை. நல்ல இரும்பைத் தட்டினால் மணிபோல் பாடும். உள்ளே அரித்திருந்தால் ஊமையாகிவிடும். வெல்டர் சாண் சாணாகத் தட்டிப் பார்ப்பார்.

"நீங்களே கேளுங்க."

குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் இடது உள்ளங்கையைச் சட்டத்தில் பதித்துக்கொண்டு, வலது கையால் சுத்தியலை ஓங்கினார்.

தொப்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றார் பெரியவர்.

பட்டறைக்கு எதிரே மேம்பாலம் வந்து ஏழு வருடமாகிறது. லாரிகள் தலைக்கு மேலே போகும். சத்தம் மட்டும் கீழே இறங்கி வரும். வெல்டரின் மனைவி இறந்தது அதற்கு அடுத்த வருடம். வாரத்தில் ஆறு நாள் அவர் ரேடியோவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். பெரியவர் வரும் வியாழக்கிழமை மட்டும் ரேடியோ வாயை மூடும். அன்றைக்கு மட்டும் பொத்தான் எல்லாம் இருக்கிற சட்டை.

மேலே பெரியவர் பலகை அறைவார், கீழே இவர் இரும்பைச் சுரண்டுவார். நடுவில் தரைப்பலகையில் ஒரு ஓட்டை. அது வழியாகப் பேச்சு ஏறி இறங்கும்.

"மேஸ்திரி, உங்க கதவு அரைச் சுருதி இறங்கியிருக்கு."

"எண்ணெய் போடணும் சார்."

"வேணாம். நான் வந்ததும் அது பாடுறது நல்லாத்தான் இருக்கு."

இப்போது பெரியவர் டார்ச்சை அணைத்தார். "ஒரு நிமிஷம் மேல வாங்க. மரவேலை போன வாரமே முடிஞ்சுபோச்சு."

அறைக்குள் இரண்டு படுக்கைகள். ஒன்று குட்டை, ஒன்று நீளம்.

"இந்த நீளத்துல கொஞ்சம் படுத்துக் காட்டுங்க. அளவு பாக்கணும்."

"சட்டையெல்லாம் கரி சார்."

"ஒட்டினா ஒட்டட்டும்."

வெல்டர் படுத்தார். காலுக்குக் கீழே நான்கு விரல் மிச்சம் இருந்தது. தலைக்கு நேரே ஜன்னல். இத்தனை வருடத்தில் எத்தனையோ லாரிகளை ஓட வைத்திருக்கிறார். ஒன்றில்கூட எங்கும் போனதில்லை.

"இது யாருக்கு சார்? உங்க தங்கச்சி மகனுக்கா?" வெல்டர் பலகையின் விளிம்பைத் தடவினார்.

"இன்னும் ஒரு இடம் இருக்கு, அவ்வளவுதான். ஆளைத்தான் இன்னும் கேக்கல."

வெல்டர் எழுந்து உட்கார்ந்தார். யாரோ ஒரு அதிர்ஷ்டக்காரன் என்று நினைத்துக்கொண்டார்.

"அடுத்த மாசம் பனி மலைப்பாதையை மூடிரும், மேஸ்திரி. அதுக்குள்ள தாண்டலைன்னா இந்த வருஷம் போச்சு. எனக்கு இருக்கிறதே கொஞ்சம் வருஷம்தான்."

"அதுக்காக அரிச்ச வண்டியில அனுப்ப முடியுமா? நடு மலையில சேசிஸ் மடங்கிச்சுன்னா என்னைத்தான் திட்டுவீங்க."

"திட்டுறதுக்கு நீங்க பக்கத்துல இருந்தா பரவாயில்ல."

வெல்டர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மறுபடியும் கீழே போய் அட்டையில் படுத்துக்கொண்டார். இடது பக்கச் சட்டத்துக்கு ஒரு வாரம். அப்புறம் முன்பக்கம் இருக்கிறது.

அட்டை சரசரத்தது. பெரியவர் முதன்முறையாக லாரிக்கு அடியில் நுழைந்து, அவர் தோளோடு தோள் ஒட்டிப் படுத்தார். மேம்பாலத்தில் ஒரு லாரி போய் முடிந்தது.

"சரி, இன்னொரு வாட்டி கேளுங்க" என்று வெல்டர் சுத்தியலை எடுத்தார். இடது கை தன் பாட்டுக்குச் சட்டத்தின் மேல் போய் உட்கார்ந்தது.

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்தத் தடவை, அந்தக் கையை எடுத்துட்டுத் தட்டுங்க, மேஸ்திரி."