ஓபல் விரல்

ஆஸ்திரேலியாவில் ஓபல் என்ற ரத்தினக் கல் தோண்டும் ஊரான கூபர் பீடியில், அடுத்தவன் சுரங்கத்தில் இறங்கி ஓபல் திருடுகிறவனை எலி என்பார்கள். தன் சுரங்கத்து எலி மிலுதின்தான் என்று பக்கத்துச் சுரங்கக்காரன் ஸ்பிரோஸ் சொன்னபோது மிலுதினுக்கு முப்பது வயது. அதற்குள் ஆளும் காணாமல் போயிருந்தான். பயந்து ஓடிவிட்டான் என்றது ஊர். குடும்ப மானத்துக்காக அண்ணன் ராடிசாவும் அவனைத் தலைமுழுகினார்.

எழுபது வயதில் ராடிசா தன் சுரங்கத்தின் இடிந்த பகுதியைத் தோண்டியபோது ஒரு விரல் எலும்பு கிடைத்தது. முழுதும் ஓபலாகியிருந்தது. முறிந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. சிறுவயதில் தம்பியின் அந்த விரலை முறித்தது அவர்தான்.

"ஸ்பிரோஸ், இது என் தம்பி விரல். அவன் உன் பக்கம் வரவே இல்ல, என் இடத்துலயே செத்துக் கிடந்திருக்கான். நாலு பேர் முன்னாடி அதைச் சொல்லு."

"யோவ் கிழவா, எலும்பு ஓபலாக கோடிக்கணக்கான வருஷம் ஆகும். இது ஏதோ கடல் பல்லியோட காலு. எலியைப் பல்லின்னு சொன்னா வீட்டுக்குள்ள சேத்துக்கலாம்னு பாக்குறியா?"

விவரம் தெரிந்தவர்களும் அதே கணக்கைத்தான் சொன்னார்கள்.

மறுநாள் ராடிசா தனியாக இறங்கிச் சுவரைச் சுரண்டினார். முதலில் தோள் வந்தது, பிறகு முகம். பச்சையும் நீலமுமாக மின்னியது மிலுதினேதான். ஆனால் முப்பது வயது முகம் இல்லை. கன்னம் ஒட்டி, வாய் உள்வாங்கி, ராடிசாவைவிட வெகுவாக மூத்திருந்தது.

அவர்கள் குடும்பத்தில் மூத்தவர் சொல்லாமல் யாரும் உட்காருவதில்லை. ராடிசா தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார்.