மேயரின் உத்தரவு

உச்சி வெயிலில் கோயில் வாசலில் எருமை வண்டி நிற்கிறது. விடியற்காலையில் காலராவில் செத்துப்போன மேயர் டொன் எலியூட்டெரியோவின் பெட்டி அதில் இருக்கிறது. விளிம்பில் பூசிய சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. பெட்டியின்மேல் வெள்ளிப்பிடி போட்ட பதவிக்கோல். கூட வந்தவள் மனைவி தோன்யா பௌலா மட்டும். சதுக்கத்தைச் சுற்றிலும் சிப்பி பதித்த ஜன்னல்கள் சாத்திக் கிடக்கின்றன. மணிக்கூண்டுக் கதவில் போன வாரம் மறுபடியும் ஒட்டிய பழைய உத்தரவு: காலராவில் இறந்தவர்களுக்கு மணி அடிக்கக் கூடாது, ஊர்வலம் கூடாது. கீழே மேயரின் சுழித்த கையெழுத்து.

"ஒரே ஒரு தடவ அடி, கிரிஸ்புலோ. மூணு தேர்தல்ல இந்த ஊரு ஜெயிக்க வெச்ச மனுஷன்."

மணியடிப்பவன் கயிற்றைப் பிடித்தபடியே நிற்கிறான். "ஆறு வருஷம் முந்தி எம்பொண்ணு இதே காலராவுல போனப்பவும் இந்தக் கயித்தப் பிடிச்சேன், தோன்யா. அவர்தான் வந்து என் கையை எடுத்துவிட்டார். நாளைக்கு நான் செத்தாலும் இதே சட்டந்தாண்டான்னார். அத நம்பித்தான் அப்புறமும் அவருக்கே ஓட்டுப் போட்டேன்."

அவள் கோலை எடுக்கிறாள். கூச்சல்போடும் சபையை அடக்க அவர் மேசையில் தட்டுவாரே, அப்படிப் பெட்டியின்மேல் மூன்று முறை தட்டுகிறாள். அடக்குவதற்குச் சதுக்கத்தில் ஒரு குரலும் இல்லை.