துண்டுக்குள் கேமரா

"அந்த ஆளு என்னைய வீடியோதான் எடுக்கான், உமா. சத்தியமாச் சொல்லுதேன்."

தூண்டிலைத் துடைத்துக்கொண்டிருந்த கணவன் இசக்கிதுரையை உமாராணி ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆத்தங்கரையில உக்காந்திருக்கவங்களையெல்லாம் சந்தேகப்பட்டா எப்பிடிங்க? அவரும் மீன் பிடிக்க வந்திருப்பாரு."

"மீன் பிடிக்க வந்தவன் முள்ளுல புழு மாட்ட மாட்டானா? நேத்து கண்ணால பாத்தேன், வெறும் முள்ளு. நான் போனா வருதான், நான் எந்திரிச்சா எந்திரிக்கான். 'எந்த ஊரு அண்ணாச்சி'ன்னு கேட்டா தலைய மட்டும் ஆட்டுதான். கழுத்துல ஒரு துண்டு. கொளுத்துற வெயில்லயும் அவுக்க மாட்டான். கையால அதையே புடிச்சுக்கிட்டு இருக்கான். கேமரா அதுக்குள்ளதான் இருக்கு."

இசக்கிதுரை சூடு கண்ட பூனை. போன வருடம் தென்காசி மார்க்கெட்டில் கத்திரிக்காய் வாங்கும்போது, சொத்தையை ஒதுக்கிக்கொண்டிருந்த அவரை எவனோ செல்போனில் பிடித்து, 'சோற்றுக்கு வழியில்லாமல் சொத்தைக் காய் பொறுக்கும் டி.வி. காமெடி நடிகர்' என்று போட்டுவிட்டான். எட்டு லட்சம் பேர் பார்த்தார்கள். சிவகிரியிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் அரிசி மூட்டையோடு வந்து அழுதுவிட்டுப் போனார். வேண்டாம் என்று சொல்லியும் மூட்டையைத் திருப்பி எடுத்துப் போகவில்லை.

"இன்னொரு வீடியோ வந்துச்சுன்னா குத்தாலமும் வேண்டாம், சாரலும் வேண்டாம். இந்த வீட்ட வித்துட்டு கண்காணாத ஊருக்குப் போயிருவோம்."

"ஆசைப்பட்டுக் கட்டுன வீடுங்க." என்றாள் உமாராணி. "டி.வி.ய விட்டுட்டு இங்கன வந்து மீன் பிடிப்பேன்னதும் நீங்கதானே? யாரும் போகச் சொல்லலையே."

உண்மையான காரணத்தை அவளிடம் சொல்ல முடியாது. சொன்னால் பைத்தியம் என்பாள்.

பதினோரு வருடம் வாராவாரம் டி.வி. காமெடி நிகழ்ச்சியில் வேஷம் கட்டியவர் அவர். நிகழ்ச்சியில் கேட்கும் சிரிப்பெல்லாம் பிற்பாடு மெஷினில் சேர்ப்பது. படம் பிடிக்கும்போது மூச்சுவிடக்கூட யாருக்கும் அனுமதி கிடையாது. ஆனால் உச்சியில், விளக்குகள் தொங்கும் இருட்டிலிருந்து ஒரு சிரிப்பு மட்டும் அடக்கமாட்டாமல் பீறிட்டுக்கொண்டு வரும், கடைசியில் ஒரு விக்கலோடு. "மேல எவன்யா அது?" என்று டைரக்டர் கத்துவார். இசக்கிதுரைக்கோ அன்றைய சாப்பாடே அந்தச் சிரிப்புதான். முகத்தைப் பார்த்ததில்லை. பார்க்கவும் தோன்றவில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் அது நின்றுபோனது. என்னென்னவோ செய்து பார்த்தார். ஆறு மாதம் காத்திருந்தார். நம்ம சரக்கு தீர்ந்துபோச்சு என்று முடிவு கட்டி, ஊருக்குத் திரும்பிவிட்டார்.

அன்று காலை சிற்றாற்றங்கரையில் அவர் உட்கார்ந்த பத்தாவது நிமிடம், அந்த ஆள் வந்து நாலடி தள்ளி உட்கார்ந்தான். கழுத்தில் துண்டு. தண்ணீரில் வெறும் முள்.

இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று இசக்கிதுரை எதையும் கண்டுகொள்ளாதவர் போல மிதவையையே பார்த்துக்கொண்டிருந்தார். மிதவை துள்ளியது. இழுத்தால் முள்ளில் புழுவும் இல்லை, மீனும் இல்லை. வழக்கம்போல வாய் தானாகத் தண்ணீரைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிட்டது.

"ஏலே கெண்டை, பொண்ணு பாக்க வந்தவன்கூட பஜ்ஜியத் தின்னுட்டு, ஊருக்குப் போயி தகவல் சொல்லுதோம்னு ஒரு வார்த்த சொல்லிட்டுத்தாம்லே போவான். நீ தின்னுட்டு சொல்லாமக் கொள்ளாமப் போறியே. முள்ளப் பாத்துப் பயந்துட்டியோ? எல்லா வேலையிலயும் முள்ளு இருக்கும்லே. நான் பாக்காத முள்ளா."

சட்டென்று திரும்பினார். அந்த ஆள் குனிந்திருந்தான். தோள் இரண்டும் குலுங்கின. கை, துண்டுக்குள் எதையோ அமுக்கிக்கொண்டிருந்தது.

"வேய், துண்ட எடும்."

அந்த ஆள் பதறிப்போய் மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

"பொழைக்கதுக்கு ஊருல வேற ஆளே கிடைக்கலியா? பேசாம மீன் பிடிச்சிட்டுக் கிடக்கவனை எதுக்குவே விரட்டி விரட்டிப் படம் எடுக்கீரு? என் பொண்டாட்டி கட்டுன வீட்ட விக்கணும், அதானே உமக்கு?"

சொல்லிக்கொண்டே எட்டித் துண்டை உருவிவிட்டார்.

கேமரா இல்லை. தொண்டைக்குழியில் காசளவு ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியாக மூச்சு புஸ் புஸ் என்று வந்து போனது.

இசக்கிதுரை துண்டைத் தானே அந்தக் கழுத்தில் சுற்றிவிட்டார். செய்த காரியத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. தெரியாமப் பண்ணிட்டேன்."

அந்த ஆள் கோபப்படவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். நிதானமாக எழுதினார். இசக்கிதுரையின் பக்கம் திருப்பிக் காட்டினார்.

'என் பேரு இத்ரீஸ், ஊரு அச்சன்புதூர். செட்டுல மேல லைட் பக்கத்துல உக்காந்து சிரிச்சு, டைரக்டர்ட்ட ஏச்சு வாங்குனது நான்தான் சார். ஆபரேஷன்ல சத்தம்தான் போச்சு, சிரிப்பு இன்னும் நிக்கல.'