ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது

ஒரு காலித் தோட்டாவைக் காணோம்.

ரஞ்சன்குடிக்கு அப்பால், கரட்டடியில், நாற்பது போலீஸ்காரர்கள் சித்திரை வெயிலில் மண்டியிட்டுப் புல்லை விலக்கிக்கொண்டிருந்தார்கள். வருடாந்திரத் துப்பாக்கிப் பயிற்சி. ஆளுக்கு முப்பது சுட்டால் ஆயிரத்து இருநூறு காலி திரும்பி வர வேண்டும். தார்ப்பாயில் கிடந்தது ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

ஆயுதக் கிடங்கு ஏட்டு தர்மராஜுக்கு மாதக் கடைசியில் ஓய்வு. ஒன்று குறைந்தால் விசாரணை. விசாரணை முடியும்வரை பென்ஷன் கிடையாது.

காலையில்தான் வாய் ஓயாமல் அளந்திருந்தார். த்ரீ நாட் த்ரீ என்றால் சும்மாவா? வெள்ளைக்காரன் காலத்தில் கரிமருந்தோடு பிறந்து, அப்புறம் புகையில்லாத மருந்துக்கு மாறி, இரண்டு உலகப் போரைப் பார்த்த தோட்டா. ராணுவம் கைகழுவிய பிறகும் போலீஸ்காரன் தோளை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. அந்த வாயில் இப்போது எச்சில்கூட ஊறவில்லை.

"கிடைக்கிற வரைக்கும் ஒருத்தனுக்கும் சோறு கெடையாது" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் கிருஷ்ணமூர்த்தி கரட்டை ஒரு சுற்றுச் சுற்றக் கிளம்பினார்.

தர்மராஜ் வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால் ஒதுங்கினார். அங்கே ஆடு மேய்க்கும் வீரம்மாள் நின்றிருந்தாள்.

"இதையா தேடுறீங்க ஏட்டய்யா?"

மடியை அவிழ்த்தாள். உள்ளே இருபதுக்குக் குறையாமல் காலிகள், களிம்பேறிக் கிடந்தன. எல்லாம் போன வருடங்களில் பொறுக்கியவை, பித்தளைக்குப் போட வைத்திருந்தாளாம்.

அடப்பாவி! பதினொரு வருடமாக எண்ணிக்கை சரி என்று கையெழுத்துப் போட்டவர் தர்மராஜ்தான். அதைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரமில்லை. ஒன்றை வாங்கிப் பேன்ட்டில் தேய்த்துப் பளபளப்பாக்கி, யாரும் பார்க்காத நேரத்தில் தார்ப்பாயில் சேர்த்துவிட்டார்.

பிறகு கம்பீரமாக எண்ண உட்கார்ந்தார்.

ஆயிரத்து இருநூற்றெட்டு.

மறுபடி எண்ணினார். அதே இருநூற்றெட்டுதான்.

குறைந்தால்கூடத் தொலைந்தது என்று சொல்லிப் பார்க்கலாம். கூடினால், கணக்கில் வராத தோட்டாவை யார் சுட்டது என்று கேட்பார்கள். தர்மராஜ் நிமிர்ந்து பார்த்தார். கான்ஸ்டபிள் திருமுருகன் வானத்தைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற பிச்சைமுத்து பூட்ஸைப் பார்த்தான். புதருக்குப் பக்கத்தில் வீரம்மாளின் மடி இளைத்திருந்தது.

கரட்டைச் சுற்றிவிட்டு வந்திருந்த இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார்.

"எவன் போட்டான்னு நான் கேக்கப்போறதில்ல. எல்லாரும் திரும்பி நில்லுங்க. ஒவ்வொருத்தனா போயி, போட்டவன் போட்டதை எடுத்துக்க."

நாற்பது பேரும் வரிசையாகப் போய் வந்தார்கள். தர்மராஜும் தன்னுடையதை எடுத்துக்கொண்டார். எவனாவது ஒருத்தன் நிஜமாகவே கண்டெடுத்திருப்பான், அது அங்கேயே இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. கடைசியாக இன்ஸ்பெக்டரும், "சரியா இருக்கான்னு பாக்குறேன்" என்று போய் வந்தார்.

தர்மராஜ் ஒவ்வொன்றாக எண்ணினார்.

ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

அத்தனை பேரும் அதே நம்பிக்கையில்தான் எடுத்திருக்கிறார்கள்! தர்மராஜுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கிருஷ்ணமூர்த்தி பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டார். தார்ப்பாயில் ஒன்று 'ணங்' என்று விழுந்தது.

"ம்... இப்ப எண்ணுங்க, ஏட்டய்யா."