சேங்கொட்டைக் குறி

“சட்டையைக் கழட்டிக் கொடுங்க. உப்புப் பூத்துப் போய்க் கிடக்கு, பார்க்கச் சகிக்கலை” என்றாள் விஜயா.

ஜெயபாலனுக்குக் கை கால் ஓடவில்லை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன பெண்டாட்டி எதிரே நின்று சட்டையைக் கேட்டால், எந்தப் புருஷனுக்குத்தான் ஓடும்? ஆனாலும் பொத்தானைக் கழற்றினான். அவள் சொல்லி அவன் தட்டியதே இல்லை.

அவன் ஒரு போர்க்கப்பலில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். அவனுடைய உலகத்தில் யுத்தம் இன்னும் ஓயவில்லை. அங்கே மலாக்காவைக் குண்டு தின்றுவிட்டது. கஜா பெராங் தெருவில் துணி வெளுக்கும் இந்த டோபிக் கடை இருந்த இடத்தில் பெரிய பள்ளம்தான் கிடக்கிறது. அவனுடைய விஜயா அதில்தான் போனாள்.

மூன்று நாளைக்கு முன் கப்பல் ஒரு மூடுபனிக்குள் நுழைந்தது. வெளியே வந்து பார்த்தால் வேறு பூமி. இங்கே யுத்தம் முடிந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறதாம். தெருவெல்லாம் தோரணம். வெள்ளைக்காரன் போகிறானாம், மெர்டேக்காவாம், சுதந்திரமாம். தெங்கேராக் கரைக்கு எதிரே நங்கூரம் போட்ட கப்பல் இன்றைக்குச் சரியாக நாலு மணிக்குப் பனிக்குள் திரும்பும், வராதவன் இங்கேயே கிடக்க வேண்டியதுதான் என்று கேப்டன் சொல்லியிருந்தார். “நாலு மணிண்ணே, மறந்துடாதே” என்று அவன் தம்பி தியாகு படகு வரைக்கும் வந்து சொன்னான். அவனுக்கு அண்ணனை விட்டால் நாதியில்லை.

பள்ளம் கிடந்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவன் எதிரேதான் விஜயா நின்றாள். இப்போது மணி மூன்றேகால்.

“என்னைப் பார்த்து உனக்குப் பயமா இல்லையா, விஜயா?”

“எதுக்குப் பயம்? என் வீட்டுக்காரரை நாப்பத்து மூணுல ஜப்பான்காரங்க சயாம் ரயில் போடப் பிடிச்சிட்டுப் போனாங்க. போனவர் போனவர்தான். அதுலேருந்து கடல்ல பனி இறங்கினா, உலையில ஒரு டின் அரிசி கூடப் போட்டு வைப்பேன். இன்னைக்கு நீங்க வந்திருக்கீங்க. உக்காருங்க.”

தட்டில் சோறும் நெத்திலிச் சம்பாலும் வந்தன. “புளி போடலை. உங்களுக்கெல்லாம் புளி ஆகாதே” என்றாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு அழுதான், வெட்கமே படவில்லை.

வேலிக்கு அப்பால் ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பொன்னம்மா. அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“என்ன விஜயா, வந்துட்டாரா? இந்தத் தடவை கப்பல் பெருசு போலிருக்கே. சோறு பத்துமா?”

“பத்தும்க்கா.”

மெர்டேக்கா பார்க்க வந்த விருந்தாளி என்று நினைத்திருப்பாள் போல என்று ஜெயபாலன் அடுத்த கவளத்தை உருட்டினான். ஆனால் கொல்லைப்புறத்துச் சத்தம் அவனை என்னவோ செய்தது. துணி அடிக்கும் சத்தம்தான். ஒரே நேரத்தில் நாலு கல்லில் அடி விழுந்தது. ஒன்றுகூட முன்பின் பிசகவில்லை.

“பின்னால யாரு?”

“நம்ம ஆளுங்கதான், நாலு பேர். மெர்டேக்காவுக்கு ஊர்த்துணியெல்லாம் மலையா வந்து குவிஞ்சிருக்கு. நாலு மணி வரைக்கும் யாரும் இந்தப் பக்கம் தலை காட்டக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க நிம்மதியாச் சாப்பிடுங்க.”

அவன் சட்டையை அலசிப் பிழிந்து, மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில், துணியில் அடையாளம் போடுகிற ஒரு சேங்கொட்டையும் ஊசியும் இருந்தன.

“முடிவைச் சொல்லுங்க. போறதா இருந்தா இப்படியே போட்டுக்கிட்டுப் போங்க. இருக்கிறதா இருந்தா குறி வைக்கணும். வச்சா ஜென்மத்துக்கும் அழியாது.”

“என்ன குறி?”

“டோபி வீட்டு வழக்கம் தெரியாதா? கோடு வீட்டுக்கு, புள்ளி ஆளுக்கு. இல்லாட்டி ஒருத்தர் துணி இன்னொருத்தருக்குப் போயிடும்.”

தெங்கேரா பக்கமிருந்து கப்பலின் முதல் சங்கு கேட்டது. தியாகு கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையையே பார்த்து நிற்பான். நினைத்ததுமே ஜெயபாலன் தட்டைத் தள்ளினான். எழுந்துகூட நின்றுவிட்டான். ஓடினால் பிடித்துவிடலாம்.

விஜயா அவன் கையைப் பிடித்தாள். கை சூடாக இருந்தது. பதினைந்து வருஷமாக அவன் கனவில் தொட்டதெல்லாம் சில்லென்ற கை.

“தம்பி, என்னை மன்னிச்சிடுடா” என்று முனகிவிட்டு உட்கார்ந்தான். “வை, விஜயா.”

ஊசியைச் சேங்கொட்டையில் குத்தி எடுத்துக் காலருக்கு உள்ளே ஒரு கோடு இழுத்தாள். அப்புறம் தலையைக் குனிந்து, உதடு அசைய எண்ணிக்கொண்டே புள்ளி வைத்தாள். சங்கு இரண்டாம் தடவை ஊதியது. மூன்றாவது சங்கு தூரத்தில் கேட்டு, தேய்ந்து, நின்றது.

கொல்லையில் நாலு கல்லும் ஒன்றாக ஓய்ந்தன.

விஜயா சட்டையை அவனிடம் நீட்டினாள். ஒரு கோடு. அதன் கீழே ஐந்து புள்ளிகள்.

“அஞ்சு எதுக்கு? நான் ஒரே ஆள்தானே?”

அவள் கொல்லைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“எல்லாரும் சாப்பிட வாங்க. இனிமே இவரும் போக மாட்டார்.”

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே நாலு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவருக்குத் தலை நரைத்திருந்தது, இன்னொருவருக்கு இரண்டு விரல் இல்லை, நாலு பேருக்கும் ஜெயபாலனின் முகம்.

“கப்பல் போயிடுச்சா?” என்று அவன் குரலிலேயே நாலு பேரும் ஒன்றாகக் கேட்டார்கள்.